மெக்கா அனிமேக்களைப் பொம்மை விளம்பரம் என்று ஒதுக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அனிமே எனப்படும் ஜப்பானிய அசைவூட்டத் தொடர்களைப் பற்றி வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். தமிழ்க் குரலோடு அனிமேக்கள் இணையத் தளங்களிலும் திரையரங்குகளிலும் கிடைக்கத் தொடங்கியிருக்கும் இந்த நேரத்தில், அவற்றுக்கென ஒரு முழுப் பக்கத்தை ஒதுக்கியமைக்கு நன்றி. ஆனால் மனிதர் உள்ளே அமர்ந்து இயக்கும் பிரம்மாண்டமான ரோபோக்களைக் கொண்ட மெக்கா வகைத் தொடர்களைக் கட்டுரையாளர் ஒரே வரியில், பொம்மை விற்பதற்காக எடுக்கப்பட்ட நீண்ட விளம்பரங்கள் என்று சொல்லிக் கடந்துவிட்டார். இளம் வயதிலிருந்து இத்தொடர்களை விரும்பிப் பார்த்து வருபவன் என்ற முறையில், அந்த ஒரு வரிக்கு மறுமொழியாக இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பொம்மை வியாபாரத்துக்கும் இவ்வகைத் தொடர்களுக்கும் உள்ள உறவை யாரும் மறைக்க வேண்டியதில்லை. 1979 ஏப்ரல் 7 அன்று நகோயா தொலைக்காட்சியில் தொடங்கிய ‘மொபைல் சூட் கன்டாம்’ தொடரின் முதன்மை விளம்பரதாரர் க்ளோவர் என்ற பொம்மை நிறுவனம்தான். போர்க்களத்தில் நிற்கும் ஓர் ஆயுதத்துக்குச் சிவப்பும் நீலமும் மஞ்சளும் பூசப்பட்டிருப்பதற்கும், பாதிக் கதையில் ஜி-ஆர்மர் என்ற துணை வாகனம் வந்து ஒட்டிக்கொள்வதற்கும் கடை அலமாரிதான் காரணம். அதே தொடரை இயக்குநர் யோஷியுகி டொமினோ 1981, 82 ஆண்டுகளில் மூன்று திரைப்படங்களாகத் தொகுத்தபோது, அந்தத் துணை வாகனத்தை நீக்கிவிட்டுக் கதைக்குப் பொருந்தும் வேறொன்றை வைத்துக்கொண்டார். 52 பகுதிகளாகத் திட்டமிடப்பட்ட தொடரோ, பார்வையாளர் எண்ணிக்கையும் பொம்மை விற்பனையும் கைகொடுக்காததால் 43 பகுதிகளோடு 1980 ஜனவரியில் முடித்துக்கொள்ளப்பட்டது. வெறும் விளம்பரமாக மட்டும் இருந்திருந்தால் அதன் ஆயுள் அத்துடன் தீர்ந்திருக்கும். மறு ஒளிபரப்புகளில் அதைப் பார்த்தவர்கள் அதை விடவில்லை. 1980 ஜூலையில் பண்டாய் நிறுவனம் 300 யென் விலையில் பிளாஸ்டிக் மாடல்களை வெளியிட்டபோது அவை விற்றுத் தீர்ந்ததற்குக் காரணம், கதை அதற்கு முன்பே அவர்களுடைய மனத்தில் இடம் பிடித்திருந்ததுதான். கதாநாயகனின் இயந்திரத்தை மட்டுமல்லாமல், எதிரிப் படையின் சாதாரணச் சிப்பாய் ஓட்டும் பச்சை நிற ஸாக்குவையும் அவர்கள் அதே ஆசையோடு வாங்கினார்கள். எதிரியின் வண்டியையும் வீட்டுக்கு எடுத்துச் செல்லும் அளவுக்கு அந்தக் கதை இரு தரப்புக்கும் மரியாதை கொடுத்திருந்தது.

ஒரு மெக்கா தொடர் பார்க்கத் தகுந்ததா என்பதை நான் ஒரே ஒரு கேள்வியால்தான் அளக்கிறேன். அந்த இயந்திரம் மனிதரிடம் என்ன விலை கேட்கிறது என்பதைக் கதை நேர்மையாகச் சொல்கிறதா? அதை யார் யாருடைய பணத்தில் செய்தார்கள், ஒரு முறை எரிபொருள் நிரப்பினால் எவ்வளவு நேரம் ஓடும், பழுதானால் யார் சரி செய்வது, அது சாயும்போது யாருடைய வீட்டின்மேல் சாயும், உள்ளே அமர்ந்தவர் இறங்கி வரும்போது ஏறிய அதே ஆளாக இருக்கிறாரா என்பவையெல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கும். படம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், இவற்றுள் ஒன்றையும் கேட்காத தொடரில் எனக்கு நாட்டம் வருவதில்லை.

கன்டாமின் முதல் பகுதியை எடுத்துக்கொள்ளலாம். விண்வெளியில் மிதக்கும் உருளை வடிவக் குடியேற்றங்களுள் ஒன்றான சைடு 7 என்ற இடத்துக்குள் எதிரிப் படையான ஸியோனின் மூன்று ஸாக்குகள் வேவு பார்க்க நுழைகின்றன. அவர்களுக்கு இடப்பட்ட கட்டளை பார்த்துவிட்டுத் திரும்புவதுதான். அவர்களுள் ஜீன் என்ற இளம் சிப்பாய் பதவி உயர்வுக்கு ஆசைப்பட்டு, மேலாளின் சொல்லைக் கேளாமல் சுடத் தொடங்குகிறான். குடிமக்கள் தஞ்சமடைந்திருந்த இடங்கள் சிதறுகின்றன. அமுரோ ரே என்ற பதினைந்து வயதுச் சிறுவனின் கண்ணெதிரே அவனுடைய தோழி தன் தாயையும் தாத்தாவையும் இழக்கிறாள். அவன் அங்கே நிற்கும் புதிய இயந்திரத்தில் ஏறி, கையேட்டைப் புரட்டிக்கொண்டே அதை எழுப்பி நிறுத்துகிறான்.

அதன்பின் நடப்பதுதான் இந்தத் தொடரை அதற்கு முந்தையவற்றிலிருந்து பிரித்து நிறுத்தியது என்பேன். அமுரோ தப்பியோடும் முதல் ஸாக்குவை வாளால் வெட்டுகிறான். அதன் அணு உலை வெடித்து, குடியேற்றத்தின் சுவரில் ஓட்டை விழுகிறது. உள்ளே இருக்கும் காற்று வெளியே பாய்கிறது. அந்த இயந்திரத்தை வடிவமைத்த அமுரோவின் தந்தையும் அந்த ஓட்டை வழியே விண்வெளிக்கு இழுத்துச் செல்லப்படுகிறார். இரண்டாவது ஸாக்கு கோபத்தில் பாய்ந்து வரும்போது, இன்னொரு வெடிப்பு நேர்ந்தால் குடியேற்றமே தாங்காது என்று அந்தச் சிறுவன் கணக்கிட்டு, உலையைத் தொடாமல் பைலட் அமர்ந்திருக்கும் அறையை மட்டும் குறி பார்த்துக் குத்துகிறான். ஊரைக் காப்பாற்ற வேண்டுமானால் இயந்திரத்தை விட்டுவிட்டு மனிதனைக் கொல்ல வேண்டும் என்ற நிலைக்கு ஒரு பள்ளி மாணவனை முதல் பகுதியிலேயே கொண்டுவந்து நிறுத்திய கதையை, மாலை ஐந்தரை மணிக்குச் சிறுவர்களுக்காக ஒளிபரப்பினார்கள். வெற்றி முழக்கம் எதுவும் அங்கே எழுவதில்லை.

அந்த உலகத்துக்கு வகுக்கப்பட்ட விதிகளும் இதே நேர்மையோடு அமைந்தவை. பதினெட்டு மீட்டர் உயரமுள்ள ரோபோக்கள் நேருக்கு நேர் நின்று ஏன் சண்டையிட வேண்டும், தொலைவிலிருந்து ஏவுகணை விட்டால் போதாதா என்று எந்தப் பார்வையாளரும் கேட்பார். மினோவ்ஸ்கி துகள்கள் என்ற கற்பனைப் பொருளைக் கதை அதற்குப் பதிலாக வைக்கிறது. அவை பரப்பப்பட்ட இடத்தில் ராடாரும் வானொலியும் செயலிழந்துவிடும். கண்ணால் பார்த்துத்தான் போரிட முடியும். கற்பனைதான் என்றாலும், ஒருமுறை வகுத்த அந்த விதியைக் கதை தன் வசதிக்கு வளைத்துக்கொள்வதில்லை. அமுரோவும் உயிர் தப்பிய குடிமக்களும் செல்லும் ஒயிட் பேஸ் என்ற கப்பல் வழி தெரியாமல் தவிப்பதும், தலைமையிடத்தோடு தொடர்பு கிடைக்காமல் திண்டாடுவதும், அகதிகளுக்கு உணவு போதாமல் போவதும் அந்த ஒரு விதியோடு பிணைந்தே நடக்கின்றன.

எட்டாவது பகுதியில் எதிரிப் படையின் வேவு விமானத்தில் வருபவர்கள், வெட்டவெளியில் தன் சிறு மகனோடு நடந்து செல்லும் தாய் ஒருத்தியைக் கண்டு உணவுப் பொட்டலத்தைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். அவள் தேடிச் செல்லும் ஊர் எங்கே என்று கேட்கும்போது, அவள் நிற்கும் அந்த வெறுந்தரைதான் அந்த ஊர் இருந்த இடம் என்று தெரியவருகிறது. ஒன்பதாவது பகுதியில் அமுரோ இனி ஏற மாட்டேன் என்று மறுத்துப் படுத்துக்கொள்கிறான். பதின்மூன்றாவது பகுதியில் பல ஆண்டுகளுக்குப் பின் தாயைச் சந்திக்கிறான். அவளுடைய கண்ணெதிரே ஒரு சிப்பாயைச் சுடுகிறான். தன் மகன் உயிரோடு வந்ததில் மகிழ்வதா, அவன் ஆகிவிட்டதைக் கண்டு அழுவதா என்று தெரியாமல் அந்தத் தாய் நிற்கும் காட்சியில் ரோபோவுக்கு வேலையே இல்லை. ஆனாலும் அந்தக் காட்சி, அவன் அந்த ரோபோவில் ஏறியதால் விளைந்தது.

பதினைந்தாவது பகுதி இன்னும் தனித்துவமானது. படையை விட்டு ஓடிவந்த டோவன் என்ற சிப்பாய், தன்னால் பெற்றோரை இழந்த குழந்தைகளை ஒரு தீவில் வளர்த்து வருகிறான். தன் ஸாக்குவைக் கொண்டே அவர்களைக் காவல் காக்கிறான். அந்த இயந்திரம் இருக்கும்வரை போர் அவனைத் தேடி வந்துகொண்டே இருக்கும் என்பதை உணரும் அமுரோ, கடைசியில் அதைத் தூக்கிக் கடலில் எறிந்துவிடுகிறான். ரோபோவை வீசி எறிவதைத் தீர்வாகக் காட்டும் பகுதியைப் பொம்மை விளம்பரம் என்று எப்படிச் சொல்வது? அந்தப் பகுதியின் ஓவியங்கள் மிகவும் சொதப்பலானவை என்பது உண்மை. கன்டாமின் கதாபாத்திரங்களை வரைந்த யோஷிகாஸு யாசுஹிகோவே 2022இல் அதே கதையை முழுநீளத் திரைப்படமாக இயக்கினார் என்றால், ஓவியம் தோற்ற இடத்திலும் கதை நிலைத்திருந்தது என்றுதானே பொருள்?

கன்டாமுக்கு முந்தைய தொடர்களைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. மிட்சுதெரு யோகோயாமா 1956இல் தொடங்கிய ‘டெட்சுஜின் 28’ சித்திரக் கதையில் வரும் ரோபோ, போர்க்காலத்தில் ஜப்பானிய ராணுவத்துக்காக உருவாக்கப்பட்ட ரகசிய ஆயுதம். அதற்கென்று நல்லதும் தெரியாது, கெட்டதும் தெரியாது. கட்டுப்பாட்டுக் கருவி யார் கையில் இருக்கிறதோ அவர் சொன்னபடி நடக்கும். கோ நகாயின் ‘மாஸிங்கர் இஸட்’ 1972இல் வந்தபோது மனிதன் ரோபோவின் தலைக்குள்ளேயே ஏறி அமர்ந்தான். பேரனிடம் அதை ஒப்படைக்கும் தாத்தா, இதை வைத்துக்கொண்டு நீ கடவுளாகவும் ஆகலாம், சாத்தானாகவும் ஆகலாம் என்று சொல்லிவிட்டே இறக்கிறார். ஆக, விலை என்ன என்ற கேள்வி தொடக்கத்திலேயே கேட்கப்பட்டுவிட்டது. பின்னால் வந்த பல தொடர்கள் அந்தக் கேள்வியை விட்டுவிட்டு முஷ்டியையும் மின்னலையும் மட்டும் எடுத்துக்கொண்டன.

நான் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்பவன். அதனாலோ என்னவோ, ‘பாட்லேபர்’ எனக்கு மிக நெருக்கமான தொடர். 1988இல் வீடியோ தொடராகவும், 1989 முதல் 1990 வரை 47 பகுதிகள் கொண்ட தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. லேபர் எனப்படும் ராட்சத இயந்திரங்கள் டோக்கியோ விரிகுடாவின் கட்டுமானப் பணிகளில் சாதாரணமாகப் புழங்குகின்றன. குடித்துவிட்டு ஓட்டுபவர்களும் திருடுபவர்களும் இருப்பார்கள் அல்லவா? அவர்களைப் பிடிக்கக் காவல்துறை தனக்கென ஒரு லேபர் பிரிவை வைத்திருக்கிறது. இன்கிராம் என்ற அந்தக் காவல் லேபர் தானாக நடந்து ஊரைக் கடப்பதில்லை. அதை டிரெய்லரில் படுக்க வைத்து, போக்குவரத்து நெரிசலுக்குள் ஓட்டிச் செல்ல வேண்டும். நோவா இசுமி என்ற இளம் பெண் காவலர் தன் இயந்திரத்துக்கு அல்போன்ஸ் என்று பெயர் வைத்து, அதில் ஒரு கீறல் விழுந்தாலும் மனம் வாடுகிறாள். பட்டறையில் இரவெல்லாம் கண்விழிக்கும் மெக்கானிக்குகளுக்கும், அவர்களை அதட்டி வேலை வாங்கும் முதிய மேஸ்திரிக்கும் அங்கே கதாநாயகிக்கு நிகரான இடம் உண்டு. ஒரு குற்றவாளியைப் பிடிக்கும்போது எத்தனை சுவர் இடிந்தது, அதற்கு யார் பதில் சொல்வது என்ற கவலை பிரிவின் தலைவருக்கு ஓயாது. இயந்திரங்களோடு நாள் முழுவதும் இருப்பவர்கள் எவரும் இதைப் பார்த்தால், தங்கள் வாழ்க்கையை யாரோ கவனித்திருக்கிறார்கள் என்று உணர்வார்கள்.

ரியோசுகே தகாஹாஷி இயக்கிய ‘வோட்டம்ஸ்’ (1983-84) இதற்கு நேர் எதிர்த் திசையில் செல்கிறது. அதில் வரும் ஸ்கோப்டாக் ஏறத்தாழ நான்கு மீட்டர் உயரம்தான், தகடு மெல்லியது, அதன் தசைகளை இயக்கும் திரவம் எளிதில் தீப்பிடிக்கக்கூடியது. கதாநாயகன் சிரிகோ எந்த ஒரு வண்டியோடும் ஒட்டுவதில்லை. ஒன்று போனால் இன்னொன்றில் ஏறிக்கொள்கிறான். மலிவான இயந்திரத்துக்குள் அமர்த்தப்பட்ட சிப்பாயின் உயிரும் அதே அளவுக்கு மலிவாகக் கருதப்படுகிறது என்பதை வசனமின்றியே அந்தத் தகடு சொல்லிவிடுகிறது.

ஹிதேகி அன்னோவின் ‘நியான் ஜெனிசிஸ் எவாஞ்சலியன்’ (1995-96) பற்றி உலகம் முழுவதும் ஏராளமாக எழுதப்பட்டுவிட்டதால் ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். அதன் இயந்திரங்கள் முதுகில் செருகிய மின்கம்பியோடு நடப்பவை. கம்பி அறுந்தால் ஐந்து நிமிடத்துக்குத்தான் மின்சாரம். ஆறாவது பகுதியில் ஒரே ஒரு குண்டைச் சுடுவதற்காக ஜப்பான் முழுவதன் மின்சாரமும் ஓரிடத்துக்குத் திருப்பப்படுகிறது. ஊர் ஊராக விளக்குகள் அணைகின்றன. முதல் குண்டு தவறிவிடுகிறது. மறுபடி மின்னேற்றும் நொடிகளில் இன்னொரு சிறுமி கேடயத்தோடு குறுக்கே நின்று வெப்பத்தைத் தாங்குகிறாள். சண்டை முடிந்ததும், குண்டைச் சுட்ட பதினான்கு வயது ஷின்ஜி, அவளுடைய இயந்திரத்தின் கொதிக்கும் கதவைக் கையால் திருகித் திறந்து அவளை வெளியே எடுக்க ஓடுகிறான். அந்தப் பகுதியில் நினைவில் தங்குவது குண்டு அன்று, அந்தக் கைகள்.

அண்மைக் காலத் தொடர்களில் நான் முதலில் பரிந்துரைப்பது 2021-22இல் ஒளிபரப்பான ‘86’. சான் மக்னோலியா என்ற குடியரசு, தன் படையில் ஆளில்லா இயந்திரங்கள் மட்டுமே போரிடுவதாகவும் உயிரிழப்பு ஒன்றும் இல்லை என்றும் தன் மக்களுக்கு நாள்தோறும் அறிவிக்கிறது. உண்மையில் ஒவ்வோர் இயந்திரத்துக்குள்ளும் பதின்ம வயதினர் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் ஒதுக்கப்பட்ட இனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதால் அரசு அவர்களை மனிதர் கணக்கில் சேர்ப்பதில்லை. லீனா என்ற இளம் அதிகாரி பாதுகாப்பான தலைநகரில் அமர்ந்து, தொலைதூரத் தொடர்பின் வழியே அவர்களுக்குக் கட்டளையிடுகிறாள். அவள் நல்லவள்; அவர்களுக்காக வருந்துகிறவள். ஆனால் ஒரு தோழி இறந்த அன்று, அந்தப் படையில் ஒருவன் வெடித்துப் பேசுகிறான். எங்களுக்காக இரக்கப்படுகிறாயே, எங்கள் பெயர் என்ன என்று ஒருநாளாவது கேட்டாயா என்கிறான். லீனாவிடம் பதில் இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும் நம்மிடமும் அந்தக் கேள்வி நேரடியாக வந்து சேர்கிறது. இயந்திரத்தின் தகடு ஒரு மனிதனைப் பிறர் கண்ணிலிருந்து எவ்வளவு எளிதாக மறைத்துவிடும் என்பதை இந்த அளவுக்குக் கூர்மையாகச் சொன்ன தொடர் வேறொன்றை நான் பார்த்ததில்லை. சிறுவர்களின் முதுகெலும்பில் கருவியைப் பொருத்தி இயந்திரத்தோடு இணைக்கும் ‘அயர்ன்-பிளட்டட் ஆர்பன்ஸ்’ (2015-17) தொடரையும் இதனோடு சேர்த்துப் பார்க்கலாம். அதில் மிகாசுகி என்ற சிறுவன், இயந்திரத்திடமிருந்து கூடுதல் வலிமை பெறும் ஒவ்வொரு முறையும் தன் உடலின் ஒரு பகுதியை அதனிடம் இழக்கிறான்.

எல்லாத் தொடர்களும் இப்படி இருண்டுதான் இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 2007இல் வந்த ‘குர்ரென் லகான்’ உரக்கக் கத்தினாலே ரோபோ வளர்ந்துவிடும் வகையைச் சேர்ந்தது. ஆயினும் அதன் நாயகன் சிமோன் தன் அண்ணனாகக் கருதியவனை இழந்து, துவண்டு, பின் தன் சொந்தக் குரலைக் கண்டடைவதால் அந்தக் கூச்சலுக்கு ஒரு நியாயம் கிடைக்கிறது. எனக்குப் பிடிக்காதவை, தோற்கும் நிலையில் இதுவரை சொல்லப்படாத புதிய சக்தி ஒன்று எங்கிருந்தோ வந்து காப்பாற்றும் தொடர்கள். நகரமே தரைமட்டமான பின் அடுத்த பகுதியில் அதே நகரம் புதிதாக நிற்கும் தொடர்கள். எதிரிக்கு முகமோ பெயரோ கொடுக்காத தொடர்கள். அப்படிப்பட்டவை ஏராளமாக உண்டு. கட்டுரையாளர் அவற்றைப் பார்த்துவிட்டு அந்த வரியை எழுதியிருந்தால் அவர் மீது எனக்கு வருத்தமில்லை.

புதிதாகத் தொடங்க விரும்பும் வாசகர்களுக்கு, குறிப்பாகப் பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்க நினைக்கும் பெற்றோருக்கு ஒரு யோசனை. 43 பகுதிகள் நீளமாகத் தோன்றினால் கன்டாமின் மூன்று தொகுப்புத் திரைப்படங்களிலிருந்து தொடங்கலாம். அதற்கும் நேரமில்லை என்றால், கன்டாம் வரிசையிலேயே 1989இல் வந்த ‘வார் இன் தி பாக்கெட்’ ஆறே பகுதிகள்தான். அதில் அல் என்ற பள்ளிச் சிறுவனுக்குப் போர் ரோபோக்கள் என்றால் உயிர். தன் ஊரில் சண்டை வந்ததும் குதூகலத்தோடு ஓடிப்போய் வேடிக்கை பார்க்கிறான். கடைசிக் காட்சியில் பள்ளிக் கூட்டத்தில் நின்று தேம்பி அழுகிறான். காரணம் தெரியாத நண்பர்கள், கவலைப்படாதே, சீக்கிரமே இன்னொரு போர் வரும், அது இதைவிடப் பெரிதாக இருக்கும் என்று அவனைத் தேற்றுகிறார்கள். அவன் ஏன் அழுகிறான் என்பதைத் தொடரைப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் இங்கே சொல்லாமல் விடுகிறேன். பதின்ம வயதினர் தனியாகப் பார்ப்பதைவிடப் பெரியவர் ஒருவரோடு பார்த்துப் பேசுவது நல்லது. எவாஞ்சலியனையும் ‘86’ஐயும் சிறு குழந்தைகளுக்குக் காட்ட வேண்டாம்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அனிமே பற்றித் தொடர்ந்து எழுத ஞாயிறு இணைப்பில் இடம் கொடுப்பீர்களானால், ஒவ்வொரு தொடரோடும் அதன் இயக்குநர், ஆண்டு, பகுதிகளின் எண்ணிக்கை, எந்த வயதினருக்கு ஏற்றது ஆகிய விவரங்களையும் சேர்த்து வெளியிடுங்கள். தமிழ்க் குரலில் வரும் தொடர்களில் சண்டை அனிமேக்களே மிகுதியாக இருக்கின்றன. மெக்கா வகையிலிருந்து ஒன்றிரண்டையாவது தமிழில் கொண்டுவருமாறு ஒளிபரப்பு நிறுவனங்களுக்குத் தங்கள் பக்கத்தின் வாயிலாகக் கோரிக்கை வைத்தால் என்னைப் போன்ற வாசகர்கள் பலர் அதற்குக் கையொப்பமிடுவார்கள். பாட்லேபரிலிருந்து தொடங்கலாம் என்பது என் விருப்பம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி.